பிளாஸ்திரிக்காரரின் சந்தேகம்

உங்கள் மூக்குக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

சிரிக்காதீர்கள். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருடைய மூக்கின் முன்வாசலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சத்தமில்லாமல் குடித்தனம் நடத்துகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் திராட்சைக் கொத்துப் போல அழகாகத்தான் இருக்கும். தோல் முழுசாக இருக்கும்வரை அது உண்டு, அதன் வேலை உண்டு. தோல் கிழிந்தாலோ, உடம்புக்குள் ஒரு குழாயைச் செருகினாலோ அதன் குணம் மாறிவிடும். இதைப் படித்ததும் உங்களுக்கு யாருடைய மூக்கு நினைவுக்கு வந்தது? பக்கத்து வீட்டுக்காரருடையதுதானே? பிளாஸ்திரிக்கும் அப்படித்தான் அடுத்தவர் மூக்குதான் நினைவுக்கு வந்தது.

பிளாஸ்திரி என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை அவருக்கு. சேரும்போது ஸ்ட்ரெச்சர் தள்ளினார். கட்டு அறையில் ஆள் இல்லாத ஒரு நாளில் ‘கொஞ்சம் வந்து பிடிப்பா’ என்று கூப்பிட்டார்கள். பிடித்த கை அதற்குப் பிறகு அந்த அறையை விடவில்லை. சர்க்கரைப் புண், தீக்காயம், தையல் பிரிந்த வயிறு, எதுவானாலும் நோயாளிகள் அவரைத்தான் கேட்பார்கள். ஒட்டியதை வலிக்காமல் உரிக்கிற கை அது. “அண்ணே, எப்ப எடுப்பீங்க?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவரிடம், “எடுத்து நான் டீயும் குடிச்சாச்சு, கண்ணத் தொறங்க” என்பார்.

வேகம்தான் அவருடைய பெருமை. காலையில் வந்ததும் பிளாஸ்திரிச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். கிழித்த துண்டுகளைத் தன் சட்டையின் இடது கைமேல் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வரிசையாக ஒட்டிக்கொள்வார். அதன்பின் கத்தரி தேடி அலைய வேண்டாம். ஒரு கை பஞ்சைப் பிடித்திருக்க, மறு கை சட்டையிலிருந்து துண்டை எடுத்துப் புண்ணுக்கு மேல் ஒட்டிவிடும். மற்றவர்கள் ஒரு கட்டுப் போடும் நேரத்தில் அவர் இரண்டு போட்டுவிடுவார். புதிதாக வந்த நர்ஸ்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு தங்கள் சட்டைக் கைகளிலும் ஒட்டிக்கொண்டார்கள்.

வேகத்துக்கு அடுத்தபடி அவரிடம் இருந்தது சந்தேகம். பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டார். கடைக்காரர் நிறுக்கும் முன் தராசைத் தட்டிப் பார்ப்பார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார்.

“இவருக்குக் கண்ணாடியில தெரியற மூஞ்சி மேலயே நம்பிக்கை கெடையாது. ஷேவ் பண்ணும்போது முறைச்சுக்கிட்டே நிப்பாரு” என்பார் அவர் மனைவி.

மனைவிக்குத் தையல் வேலை. ஆஸ்பத்திரி ஊழியர்களின் சீருடைகளைத் தைத்தவரும் அவர்தான். கணவரின் சந்தேகத்தை வைத்து அவர் சிரித்துப் பேசியதெல்லாம் சிறுநீரகம் கெடுவதற்கு முன்பு. ரத்த அழுத்தம் பல வருடங்களாக ஓசைப்படாமல் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று முடித்திருந்தது. கணவர் கீழ்த்தளத்தில் கட்டுப் போட, மனைவி மாடியில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரத் தொடங்கினார். ஊசி குத்துவதற்கு வசதியாகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்திருந்தார்கள். அது தேறிவரச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை கழுத்தில் செருகிய குழாய்தான் கதி.

முதல் குழாய் போட்ட கொஞ்ச நாளில் டயாலிசிஸ் நடக்கும்போதே உடம்பு தூக்கிப்போட்டது. பற்கள் தந்தியடித்தன. குழாயை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட்டார்கள். அதற்கும் அதே கதி. ரத்தத்தைச் சோதித்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்தது. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கு அதுதான் பெயர்.

கிட்னி டாக்டர் பிளாஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “மூணாவது குழாய் போடறேன். கையில பண்ணது தேறி வர்ற வரைக்கும் இது தாங்கியாகணும். மறுபடி ரத்தத்துல ஏறிச்சுன்னா இதய வால்வுல போய் உக்காந்துக்கும். அப்புறம் என் கையில எதுவும் இல்லப்பா.”

அன்றிலிருந்து பிளாஸ்திரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாடியைக் கவனிக்க ஆரம்பித்தார். யாரோ கிருமியைக் கொண்டுவருகிறார்கள். யார்? எந்த நர்ஸ் போனை நோண்டிய கையோடு இயந்திரத்தைத் தொடுகிறாள், எந்த நோயாளி இருமிவிட்டுக் கைப்பிடியில் கை வைக்கிறான், உறையை மாற்றாமலே தலையணையைப் போடுவது யார் என்று ஒவ்வொருவராக மனசுக்குள் கூண்டில் ஏற்றினார். சாப்பாட்டு நேரத்தில்கூட மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். “அண்ணே, இங்க என்ன சினிமாவா ஓடுது?” என்று ஒரு நர்ஸ் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவள் பெயரும் மனசுக்குள் ஏறியது.

கடைசியில் அவர் கண் வந்து நின்ற இடம் துப்புரவு வேலை செய்கிற அக்காவிடம். வேறு எங்கே போய் நிற்கும்? ஒரு கட்டடத்தில் ஏதாவது அழுகினால் முதலில் சந்தேகப்படுவது அதன் அழுக்கை அள்ளுகிறவரைத்தான். அழுக்கைச் செய்தவர்கள் வெள்ளைச் சட்டையில் நடமாடுவார்கள். அள்ளுகிறவர் கையில்தான் அழுக்கு இருப்பதாக நமக்குத் தோன்றும். இதற்கு ஆராய்ச்சியும் வேண்டாம், ஆதாரமும் வேண்டாம். எத்தனையோ தலைமுறைகளாக நமக்குள் இருந்துவரும் நோய் இது. இதற்கு எந்த லேபிலும் பரிசோதனை கிடையாது.

அந்த அக்காவுக்கு சைரன் என்று பட்டப்பெயர். மாடியில் பேசினால் வாசலில் கேட்கிற தொண்டை. ஒரு நாள் அவர் ஒரு கட்டில் கம்பியைத் துடைத்த துணியாலேயே டயாலிசிஸ் நாற்காலியையும் துடைப்பதைப் பிளாஸ்திரி பார்த்தார். பார்த்ததாக நினைத்தார் என்பதே சரி. துணியை மாற்றியிருந்தால் தூரத்திலிருந்து தெரிந்திருக்காது. நேராக மேனேஜர் அறைக்குப் போய், ஊழியர்கள் நாலைந்து பேர் கேட்க, “என் வீட்டுக்காரி ரத்தத்துல கிருமி ஏறினதுக்கு அந்தம்மாதான் காரணம்” என்று போட்டு உடைத்தார்.

மேனேஜருக்கும் இரண்டு குழாய்கள் கெட்டதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது. அந்த இடத்திலேயே சைரனுக்குச் சீட்டுக் கிழிந்தது.

“எங்கிட்டதான் கிருமி இருக்குன்னு எப்பிடிய்யா கண்டுபுடிச்ச? உன் கண்ணு என்ன மைக்ரோஸ்கோப்பா தம்பி?” என்று சைரன் வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார்.

இனி யாரையும் நம்புவதில்லை என்று பிளாஸ்திரி முடிவு கட்டினார். மனைவியின் கழுத்துக் குழாய்க்கான கட்டைத் தானே மாற்றத் தொடங்கினார். நர்ஸ்களைக் கிட்டவே விடவில்லை. கீழே வரிசையில் நிற்பவர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு மேலே ஓடுவார். பஞ்சு, மருந்து, பிறகு சட்டைக் கையிலிருந்து நாலு துண்டு. வேலை சுத்தமாக முடிந்துவிடும்.

சில வாரங்கள் கழித்துக் குழாயைச் சுற்றித் தோல் சிவந்தது. அன்று டயாலிசிஸ் பாதியில் மனைவிக்கு மறுபடியும் குளிர் வந்தது. பிளாஸ்திரி போர்வைமேல் போர்வை போர்த்திக்கொண்டு நின்றார். கிட்னி டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். சந்தேகப்பட இப்போது சைரன் இல்லை.

ரத்தத்தில் அதே கிருமி. இந்த முறை சீக்கிரம் பிடித்துவிட்டதால் அதற்கு அடங்கும் மருந்தை உடனே ஏற்றினார்கள். குழாயையும் மாற்றினார்கள். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்ததில் வால்வு சுத்தமாக இருந்தது. “இது கடைசி வாய்ப்பு” என்றார் டாக்டர். கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் அந்த வாய்ப்பும் தங்காது.

கண்டுபிடிக்கும் வேலை லேப்காரம்மாவிடம் வந்தது. ஒல்லியான பெண்மணி, எதைச் சொன்னாலும் ‘இருக்கலாம்’ என்று முடிப்பவர். எல்லாருடைய மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார். சைரன் வீட்டுக்கும் தேடிப் போனார். “மூக்கு மட்டும் போதுமா? நாக்குலதான் விஷம்னு எல்லாரும் சொல்றாங்க, அதையும் எடுத்துக்க” என்றாராம் சைரன்.

பிளாஸ்திரி மட்டும் முரண்டு பிடித்தார். “எனக்கு எதுக்கும்மா? கொண்டு வர்றவனத் தேடாம, காவல் காக்கறவன் மூக்குல குச்சிய விடறீங்களே?”

பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த மனைவி கண்ணைத் திறந்தார். உடம்பில் தெம்பில்லை, வாயில் இருந்தது. “ஏங்க, எல்லார் கையையும் பாத்தீங்களே, உங்க சட்டைக் கைய யாராவது பாத்தாங்களா?”

“என் சட்டைக்கு என்ன?”

“துவைக்கறவ நான். இடது கை முழுக்கப் பசை. தையல் பிரிஞ்சா ஊசி ஏற மாட்டேங்குது, அப்படி ஒட்டுது. அதுல ஊர் அழுக்கெல்லாம் ஒட்டிக் கெடக்கு. அங்கேருந்து எடுத்துத்தான என் கழுத்துல ஒட்டறீங்க?”

லேப்காரம்மா குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய சட்டைக் கையைப் பார்த்தார். நாலு துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. “அந்தச் சுருளையும் குடுங்கண்ணே” என்றார். கடித்துக் கிழித்த பல் தடம் அதன் ஓரத்தில் இன்னும் ஈரமாக இருந்தது.

வெளி லேபுக்கு அனுப்பிய சோதனைகளின் முடிவு வந்த அன்று லேப்காரம்மா தம்பதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ரத்தத்துல இருந்தது, உங்க மூக்குல இருந்தது, சுருள்ல இருந்தது, மூணுக்கும் மரபணு வரிசை ஒண்ணுதான். ஒரே வீட்டுப் புள்ளைங்க.”

பிளாஸ்திரி தன் சட்டைக் கையைப் பார்த்தார். “அப்ப நான்தானா?”

“அவசரப்படாதீங்க. ரெண்டு நர்ஸ் மூக்குலயும், கிட்னி டாக்டர் மூக்குலயும்கூட அதே கிருமிதான். உங்க வீட்டம்மா மூக்குலயும் இருக்கு. யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு இனிமே சொல்ல முடியாது. நீங்க குடுத்திருக்கலாம், உங்களுக்கு யாராவது குடுத்திருக்கலாம்.”

“அந்தத் துப்புரவு அக்கா?”

“அவங்களுக்கு இல்ல.”

சைரனுக்கு இருந்திருந்தாலும் அது குற்றமில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூக்கில் கிருமி இருப்பது மூக்கில் மச்சம் இருப்பதைப் போல. மூக்கிலிருந்து கைக்கும், கையிலிருந்து இன்னொருவர் புண்ணுக்கும் அது பயணம் போகிற வழியை அடைக்காமல் விடுவதுதான் குற்றம்.

“மருந்துக்கு ஏம்மா சாக மாட்டேங்குது? உடம்பு பழகிப்போச்சா?” என்று மனைவி கேட்டார்.

“உடம்பு பழகறதில்லக்கா, கிருமிதான் மாறுது. அது தன்னச் சுத்தி மதில் கட்டிக்கிட்டே இருக்கும். கட்டறதுக்கு உள்ள ஒரு கொத்தன் இருக்கான்னு வெச்சுக்குங்க. பெனிசிலின் வகை மருந்து போய் அந்தக் கொத்தன் கையக் கட்டிப்போடும். மதில் எழும்பாம கிருமி வெடிச்சுச் செத்துடும். இந்தக் கிருமிகிட்ட ஒரு மரபணு கூடுதலா இருக்கு. அது வேறொரு கொத்தனக் கொண்டாந்து நிறுத்துது. இவன் கை மருந்துக்குச் சிக்காது. பழையவன் மாட்டிக்கிட்டாலும் புதுசா வந்தவன் கட்டிக்கிட்டே இருப்பான்.”

“கெட்டிக்காரப் பயதான். எங்கேருந்து வந்தான்?”

“தோல்ல சாதுவா இருக்கற வேற கிருமிங்க கிட்டேருந்து வந்திருக்கலாம். அந்த மரபணு ஒரு துண்டுல இருக்கும். துண்டு அப்படியே கழண்டு இன்னொரு கிருமிக்குள்ள போய்ச் சேந்துக்கும். ஒருதரம் சேந்துடுச்சுன்னா அதோட வாரிசு அத்தனைக்கும் சொத்து மாதிரி போயிட்டே இருக்கும். ஆமா, அண்ணே, உங்களுக்குக் கழுத்துல கட்டி வந்துச்சே, என்ன பண்ணீங்க?”

“வார்டுல மிஞ்சின மாத்திரை இருந்துச்சு. ரெண்டு நாள் போட்டேன். அடங்கிடுச்சு, விட்டுட்டேன்.”

“அந்த மாத்திரைக்குச் சாகற கிருமியெல்லாம் செத்திருக்கும். சாகாதது மட்டும் மிஞ்சி, காலி மனையில வசதியா வீடு கட்டியிருக்கும். இருக்கலாம்னுதான் சொல்றேன்” என்றவர், மூக்கில் தடவ ஒரு களிம்பையும் குளிக்க ஒரு கிருமிநாசினியையும் நீட்டினார். “டாக்டர் உள்பட எல்லாருக்கும் இதேதான். ஆனா இது மட்டும் போதாது. திருடன் யாருன்னு தேடறத விட்டுட்டு எந்தக் கதவு தொறந்து கெடக்குன்னு பாருங்க.”

பிளாஸ்திரி அன்று மாலையே சைரனின் வீட்டுக்குப் போனார். தெருவில் நுழையும்போதே அவர் குரல் வழிகாட்டியது. சைரன் உட்காரச் சொல்லவில்லை. பிளாஸ்திரி நின்றபடியே நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“சரி, சொல்லிட்ட. எங்கிட்டத் தனியா வந்து சொல்ற. என்னைச் சொன்னப்ப தனியாவா சொன்ன?” என்றார் சைரன். “நாலு பேரு கேக்கச் சொன்னியே தம்பி. இதையும் அவங்க கேக்கச் சொல்லு.”

“சொல்றேங்க்கா.”

“அப்புறம் இன்னொண்ணையும் சேத்துச் சொல்லு. அந்த டயாலிசிஸ் ஹால்ல கை கழுவற குழாய் வறண்டு எத்தன மாசம் ஆச்சு? சோப்பு பாட்டில்ல சோப்பா இருக்கு? பச்சத் தண்ணி. மேல கை கழுவ ஒரு சொட்டுக்கு வழியில்லன்னு நான் கத்தினேன். அதுக்குத்தான் நீங்கள்லாம் சேந்து எனக்கு சைரன்னு பேரு வெச்சீங்க.”

பிளாஸ்திரி கீழே கட்டு அறையில் கழுவியிருப்பார்; படியேறி, கதவைத் திறந்து, கைப்பிடியைத் தொட்டு மேலே வந்ததும் மறுபடி கழுவ இடம் இல்லை. ‘இப்பத்தானே கழுவினோம்’ என்று மனசைச் சமாதானம் செய்துகொண்ட நாட்கள்தான் எல்லா நாளும். நர்ஸ்களும் அப்படித்தான், டாக்டரும் அப்படித்தான். ஊரையே சந்தேகப்பட்ட மனிதர், கண்ணெதிரே வறண்டு கிடந்த ஒரு குழாயைச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் மேனேஜர் அறையில் அவர் விஷயத்தைத் தொடங்கியதும் கதவு சாத்தப்பட்டது.

“எதுக்குப்பா கெளறற? ஆளு போயாச்சு, பேச்சும் அடங்கியாச்சு. வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேரு என்னாகும்? களிம்பு குடுத்தாங்கள்ல, தடவிக்க, போ.” பிறகு குரலைத் தணித்தார். “உன் வீட்டுக்காரிக்குச் சலுகை விலையில டயாலிசிஸ் ஓடிக்கிட்டிருக்கு. அதையும் யோசிச்சுக்க.”

இதுதான் இவர்கள் வழக்கம். குழாயைச் சரிசெய்யக் காசில்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை என்பார்கள். ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க மட்டும் இவர்களுக்கு ஒரு நிமிடமும் பிடிக்காது. அவர் வாயில்லாதவர் என்றால் சுலபம். வாயுள்ளவர் என்றால் ஒரு பட்டப்பெயரை ஒட்டிவிட்டால் போதும்.

வீட்டுக்கு வந்த பிளாஸ்திரி மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண் மனைவியின் கழுத்துக் கட்டின் மேலேயே இருந்தது. இனி எப்போதும் அந்த நாற்காலி வேண்டும். நாற்காலி போனால் உயிர் போகும்.

“அந்த ஹால்ல கை கழுவத் தண்ணி இல்லன்னா, நாற்காலி இருந்து மட்டும் நான் பொழைச்சுடுவனா?” என்றார் மனைவி. “மேனேஜருக்குப் பயந்து மூடிக்கிட்டு வந்தீங்கன்னா இந்தக் குழாயும் கெடும். போய்ச் சொல்லுங்க. அப்புறம் அந்தச் சட்டையக் கழட்டுங்க, அரைக்கை வெச்சுத் தெச்சுத் தரேன்.”

காலையில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடுகிற நேரம். டாக்டர்கள், நர்ஸ்கள், மேனேஜர் எல்லாரும் இருந்தார்கள். வாசலோரம் சைரன் வந்து நின்றார். பிளாஸ்திரி போன் செய்து வரச் சொல்லியிருந்தார். பிளாஸ்திரி நடுவில் வந்து நின்றார்.

“அந்த அக்காவால கிருமி வந்துச்சுன்னு நாலு பேர் கேக்கத்தான் சொன்னேன். ஆதாரமில்லாமச் சொன்னேன். அவங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. நான் சட்டையில ஒட்டி எடுத்த பிளாஸ்திரியில இருக்கு. மேல கை கழுவத் தண்ணி இல்ல. அவங்க கத்தினப்ப நாம சிரிச்சோம்.”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள், கிட்னி டாக்டர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, “இங்கயும் இருக்கு” என்றார். யாரோ ஒரு நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு அவளும் கையைத் தூக்கினாள். எல்லார் முன்னாலும் இப்படி வந்துவிட்ட ஒன்றை அமுக்க மேனேஜருக்கு வழி தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது. சோப்பு பாட்டிலில் சோப்பு வந்தது. ஒருவருக்குத் திறந்த பிளாஸ்திரிச் சுருளை இன்னொருவருக்குத் தொடக்கூடாது என்று விதி வந்தது. வரிசை நீண்டது, நோயாளிகள் முணுமுணுத்தார்கள், பிளாஸ்திரி வேகம் இழந்தார். சைரன் வேலைக்குத் திரும்பினார். பிளாஸ்திரியை மன்னித்தாரா என்று தெரியாது. வணக்கம் சொன்னால் முதலில் அவருடைய கையைத்தான் பார்க்கிறார். நாலாவது குழாய் தாக்குப்பிடித்தது. ஒரு காலையில் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு முதன்முறையாகக் கையில் ஊசி குத்தினார்கள். மனைவி ஊசியைப் பார்க்காமல் கணவரின் முகத்தைப் பார்த்து, “முறைக்காதீங்க, அவங்க கழுவிட்டுத்தான் வந்தாங்க” என்றார்.

எல்லா ஆஸ்பத்திரிகளிலும் ஒரு சைரன் இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் வீட்டு நோயாளியின் கட்டை அவிழ்க்க ஒருவர் வரும்போது, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், “கை கழுவிட்டீங்களா?” என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், முறைப்பார்கள், பரவாயில்லை. அதைக் கேட்பதற்கு முன்னால் எழுந்து போய் உங்கள் கையையும் கழுவிவிட்டு வாருங்கள்.